நெல், அரிசி, சோறு: கெமர் மொழிக்குத் தமிழ் வழியாகப் போனேன்

கெமர் பேசும் கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னில் குடியேறிய முதல் மாதம். 5 கிலோ அரிசி வாங்க மளிகைக் கடைக்குப் போனேன். கைப்பேசி அகராதியில் ‘ரைஸ்’ என்று தட்டியதும் முதலில் வந்தது ‘பாய்’. அதையே சொன்னேன். கடைக்கார அம்மா எதிரே ஆவி பறந்துகொண்டிருந்த சாப்பாட்டுக் கடையைக் கைகாட்டினார். பாய் என்றால் வெந்த சோறு. அடுத்து வந்த ‘ஸ்ரோவ்’ என்ற சொல்லைச் சொன்னேன். அது நெல்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நெல்லையும் அரிசியையும் சோற்றையும் பிறந்ததிலிருந்து பிரித்தே பேசியவன், எதற்காக ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்? நோட்டில் தமிழை இடப்பக்கம் வைத்து எழுதினேன். நெல் ஸ்ரோவ், அரிசி அங்கோ, சோறு பாய். மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின. அங்கோர் வாட் கோயில் பெயரில் வரும் அங்கோர் வேறு சொல். கெமர் எழுத்தில் இரண்டுக்கும் ககரமே வேறு. நமக்கு ஒரே ‘க’ என்பதால் காதைப் பழக்கச் சில நாட்கள் பிடித்தன.

பாய் என்ற சொல்லை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சாப்பிடுவதே ‘ஞாம் பாய்’, அதாவது சோறு உண்பது. சமையலறை ‘ப்தேஹ் பாய்’, சோற்று வீடு!

‘வாஷ்’ என்ற சொல்லையும் இப்படியே பிரித்தேன்: பாத்திரம் கழுவ ‘லியாங்’, துணி துவைக்க ‘பாவ்க்’.

மறுநாள் அதே கடையில், “அங்கோ, ப்ராம் கிலோ” என்றேன். அந்த அம்மா தலையசைத்து, மூட்டையிலிருந்து அள்ளித் தராசில் போட்டார்.