பதிவேட்டில் ஒரு சொல்: பணி இழந்த காவலர்கள் திருத்தம் கோரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியை இழந்த காவலர் ஒருவர், "என் பணிப்பதிவேட்டில் உள்ள தவறான பதிவைத் திருத்தித் தருக" என்று வேப்பேரியிலுள்ள சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு மனு அனுப்புகிறார். பெரும்பாலும் அந்த முதல் வரியிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. திருத்த வேண்டியது பதிவையா, அந்தப் பதிவுக்குக் காரணமான ஆணையையா என்பதை அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. பணிப்பதிவேட்டில் எந்தப் பணியாளரும் தாமாக எதையும் எழுதிவிட முடியாது. ஓர் ஆணையின் எண்ணையும் தேதியையும் காட்டித்தான் எழுத வேண்டும். ஆணையில் 'பணிநீக்கம்' (ரிமூவல்) என்றிருக்க, பதிவேட்டில் அதைவிடக் கடுமையான 'பணியறவு' (டிஸ்மிஸல்) என்று ஏறியிருந்தால் அது எழுத்துப் பிழை. ஆணையின் நகலைக் காட்டினால் அலுவலகமே திருத்தலாம். ஆணையிலேயே 'பணியறவு' என்றிருந்தால், மேல்முறையீட்டு அதிகாரியோ உயர் நீதிமன்றமோ அந்த ஆணையை மாற்றும்வரை பதிவு மாறாது.

பேச்சு வழக்கில் 'சஸ்பெண்ட்', 'டிஸ்மிஸ்' என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாம் அடங்கிவிடுவதால், மனுக்களிலும் அதே குழப்பம் நுழைகிறது. பணியிடை நீக்கம் (சஸ்பென்ஷன்) தண்டனையே அல்ல. விசாரணைக் காலத்து ஏற்பாடு. பணிநீக்கம் பெற்றவர் மீண்டும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்க அதுவே தடையாகாது. பணியறவு பெற்றவருக்குப் பொதுவாக அந்தக் கதவு மூடிவிடும். பழைய ஓய்வூதிய விதிகளின் கீழ் வருபவர்களுக்கு இவ்விரண்டிலும் ஓய்வூதியம் போய்விடும்; கருணைப் படி வழங்கினாலும் அது ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. தண்டனையாகத் தரும் கட்டாய ஓய்வில் நிலைமை வேறு. அங்கே ஓய்வூதிய உரிமை முற்றாக அழிவதில்லை. தொடர்ந்து 21 நாட்கள் விடுப்பின்றி வராதவரை 'விட்டோடி' என்று அறிவிக்கும் வழக்கமும் காவல் துறையில் உண்டு. அந்த அறிவிப்பு ஒன்று, அதையொட்டி நடந்த ஒழுங்கு நடவடிக்கையின் முடிவு இன்னொன்று. முதலாவதை மட்டும் எதிர்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது நேரக்கூடிய பிழை.

தகுதிகாண் பருவத்தில் விடுவிக்கப்பட்ட இளம் காவலர்கள், ஆணையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லையே என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஆணையின் சொற்கள் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், உள்ளே இருப்பது தண்டனையா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1974-இலேயே தெளிவாக்கிவிட்டது. விசாரணை நடத்தாமல் தண்டித்திருந்தால், அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு துணைக்கு வரும்.

ஆவணம் கையில் இல்லாமல் மனு எழுதுவது அடுத்த தவறு. ஒழுங்கு நடவடிக்கை எந்தப் பி.ஆர். (தண்டனைப் பட்டியல்) எண்ணில், காவல் சார்நிலைப் பணிக்கான 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் எந்தப் பிரிவில் நடந்தது என்பது தெரியாமல் எழுதினால் கோப்பைத் தேடி எடுக்கவே மாதங்கள் ஆகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் பணிப்பதிவேட்டு நகல், விசாரணை அறிக்கை, இறுதி ஆணை ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் சம்பந்தப்பட்டவரே கையெழுத்திடுவது நல்லது. மனைவியோ மகனோ தம் பெயரில் கேட்டால், பிறருடைய தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமுண்டு. 2022 தொடக்கத்தில் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்களாகப் பிரிந்ததால், அப்பகுதிகளில் பணியாற்றியவர்கள் தம் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை முதலில் எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேதியைப் பலரும் கவனிப்பதில்லை. பணியிடை நீக்கம் செய்த நாளிலிருந்தே பணியறவு என்று பின்தேதியிட்டு எழுதியிருந்தால், பணியிடை நீக்கக் காலத்தில் சம்பளத்துக்குப் பதிலாகத் தரும் பிழைப்பூதியம் வரை அது பாதிக்கும். பழைய சென்னை மாநில அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில், அப்படிப்பட்ட ஆணை முழுவதும் செல்லாததாகிவிடாது, ஆணையிட்ட நாளிலிருந்து மட்டும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே தேதிப் பிழையை வைத்து முழு ஆணையையும் உடைத்துவிடலாம் என்று நம்புவதும் தவறு, அதைக் கேட்காமல் விடுவதும் தவறு.

குற்றவியல் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டதால் பதிவு தானாக நீங்கும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆழமானது. தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கிலேயே 2012-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லியிருக்கிறது: சாட்சிகள் பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை கண்ணியமான விடுதலை ஆகாது, துறை விசாரணையில் நிரூபணமான குற்றச்சாட்டு நிற்கும், மீண்டும் பணி என்பது உரிமையாக வராது. தீர்ப்பின் கடைசிப் பத்தியில் 'சந்தேகத்தின் பலன்' என்றிருக்கிறதா என்பதைப் படித்த பிறகே அதை மனுவோடு இணைக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த முன்னாள் தலைமைக் காவலர் ஒருவர், தாம் அனுப்பிய மனுக்களின் ஒப்புகை அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு, ஏதோ சேமிப்புப் பத்திரங்கள் போலப் பாதுகாத்து வைத்திருந்தார். மனுமேல் மனு போடுவதால் காலக்கெடு நீள்வதில்லை. 1982-இல் பணி இழந்து 2000-இல் மனுக் கொடுத்த தமிழ்நாட்டுச் சுரங்கத் துறை ஊழியரின் வழக்கில், ஆறிப்போன கோரிக்கைக்கு மனு உயிர் கொடுக்காது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மேல்முறையீட்டுக் காலம் இறுதி ஆணை கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடும் என்பதால், அந்த நாளைக் குறித்துவைக்க வேண்டும். அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரித்து, 2006-இல் கலைக்கப்பட்ட மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டவர்கள், அது உயர் நீதிமன்றத்துக்கு மாறியபோது பெற்ற புதிய எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். பழைய எண்ணை மட்டும் எழுதினால் யாருக்கும் பிடிபடாது.

தண்டனை குறைக்கப்பட்டு ஆணை வந்த பிறகும் வேலை மீதமிருக்கிறது. காகிதப் பதிவேட்டில் திருத்தம் ஏறினாலும், அரசு ஊழியர்களின் சம்பளத்தையும் பணி விவரங்களையும் கையாளும் 'களஞ்சியம்' கணினிப் பதிவில் பழைய சொல்லே இருந்துவிட்டால் சம்பளமும் ஓய்வூதிய முன்மொழிவும் அதைத்தான் பின்பற்றும். திருத்திய பக்கத்தின் சான்றொப்பமிட்ட நகலைக் கேட்டு வாங்கி, அதில் புதிய ஆணையின் எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பின்பே, ஓய்வூதியத்தை அனுமதிக்கும், தேனாம்பேட்டையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குக் கோப்பு போக வேண்டும்.