விபத்து இழப்பீட்டு மனு: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

களியக்காவிளை–நாகர்கோவில் சாலையில் இருசக்கர வாகனத்தில் சென்ற ஒருவர் மீது கார் மோதி, அவருடைய வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வயது 34, தொழில் ரப்பர் பால்வெட்டு. எவ்வளவு இழப்பீடு கிடைக்கும் என்றுதான் வீட்டார் கேட்பார்கள். மருத்துவமனையில் சேர்த்தவுடன் எழுதப்படும் ஒரே ஒரு வரி அந்தத் தொகையையே இல்லாமல் ஆக்கிவிடக்கூடும் என்பதால், அங்கிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: மருத்துவமனையில் சொல்லும் தகவல்

108 வண்டி வந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்ததும், அடிபட்டது எப்படி என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். உடன் வந்தவர் பதற்றத்தில் "பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டால், தானாக விழுந்தவருக்குப் பின்னர் ஒரு காரைத் தேடிச் சேர்த்திருக்கிறார்கள் என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட அந்த வரியே போதும். எனவே கார் மோதியது, எந்த இடம், எத்தனை மணி, தெரிந்தால் வண்டி எண் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தூக்கி வந்த வழிப்போக்கர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

இரண்டாம் படி: காவல் நிலையம்

"பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று எதிர்த்தரப்பு கொடுக்கும் சில ஆயிரங்களை வாங்கி, வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மணிக்கட்டு முறிவின் முழுப் பாதிப்பு அன்றைக்கே தெரிவதில்லை. சிகிச்சை திருவனந்தபுரத்தில் நடந்தாலும், எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை மறுக்க முடியாது. எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம், அதன் நகல் தகவல் கொடுத்தவருக்கு இலவசம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், 161ஆம் பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் உண்டு; அந்த விண்ணப்பம் வருவாய்த் துறை அலுவலரிடம் போகும்.

மூன்றாம் படி: தாள்கள்

விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், வெளியேற்றச் சுருக்கம், மருந்துக் கடை ரசீதுகள், எக்ஸ்ரே, மோதிய காரின் காப்பீட்டுச் சான்று, ஓட்டுநர் உரிம விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள்.

நான்காம் படி: எங்கே, எப்போது

விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்த எல்லைக்கு உட்பட்ட மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். ஆகவே பாறசாலையில் அடிபட்ட மார்த்தாண்டத்துக்காரர் வழக்குக்காகக் கேரளம் போய்வர வேண்டியதில்லை. நம் குமரி மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே தொடுக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 166(3) பிரிவு ஆறு மாதக் கெடு விதிக்கிறது. கட்டுப் பிரிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வழக்கறிஞருக்கு வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

ஐந்தாம் படி: தொகையைக் கணக்கிடுதல்

மாத வருமானம் 15,000 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 1,80,000. உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கெண் (ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண்) 16, ஆக 28,80,000. மருத்துவக் குழு ஊனத்தை 30 விழுக்காடு என்று சான்றளித்தால், அதை அப்படியே எடுத்துக்கொண்டு 8,64,000 ரூபாயோடு பலர் நின்றுவிடுகிறார்கள். இங்கேதான் நம்மவர்கள் மிகுதியாக இழக்கிறார்கள் என்பது என் கருத்து. உடலின் ஊன விழுக்காடு வேறு, அந்த ஊனத்தால் தொழிலில் ஏற்படும் வருமான இழப்பு வேறு என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. மேசை வேலை செய்பவர் ஒருவாறு சமாளித்துவிடுவார். விடியுமுன் மரம் மரமாகப் போய், பட்டையை ஆழம் தவறாமல் சீவ வேண்டியவருக்கு மணிக்கட்டுதான் பிழைப்பு. அவருடைய வருமான இழப்பைத் தீர்ப்பாயம் 60 விழுக்காடாக ஏற்றால் தொகை 17,28,000 ஆகிறது. மருத்துவச் செலவு, வலி வேதனை, எதிர்கால வருமான உயர்வு ஆகியவற்றைத் தனித்தனித் தலைப்புகளில் கேட்க வேண்டும்.

சம்பளச் சீட்டு இல்லாத தொழில் என்பதால், தோட்ட உரிமையாளரைச் சாட்சியாக அழைத்து, எத்தனை மரம் வெட்டினார், மரத்துக்கு என்ன கூலி என்பதைத் தீர்ப்பாயத்தில் சொல்ல வையுங்கள். கூலி வங்கி வழியாக வந்திருந்தால் கணக்குப் புத்தகத்தின் நகலையும் மனுவோடு இணையுங்கள்.