ஆரம்ப டிராஃப்டையும் முடிஞ்ச படத்தையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்ல எங்க வாசிப்புக் குழுவுல பாதிப் பேர் பாலிடெக்னிக்ல மீடியா படிக்கிற பிள்ளைங்க, மீதிப் பேர் வேலை முடிஞ்சு எம்ஆர்டி ரயில் புடிச்சு ஓடி வர்றவங்க, எல்லாருக்கும் என்னைக்காவது ஒரு நாள் வசந்தம் டிவியில நாடகமோ சொந்தமா ஒரு குறும்படமோ எழுதிடணும்னு ஆசை. புதுசா யார் வந்தாலும் நான் கொடுக்குற முதல் வேலை இதுதான்: ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்தோட பழைய டிராஃப்டை, அதாவது ஷூட்டிங்குக்கு முன்னாடி எழுதுன திரைக்கதைப் பிரதியைத் தேடிப் படிங்க, முடிஞ்ச படத்தோட ஒப்பிட்டு எழுதிட்டு வாங்க. குடும்பக் கதைன்னா வீடு, கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் நமக்குத் தெரிஞ்ச உலகம், எழுதாமலே புரிஞ்சிடும். சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல கப்பல் எப்படி இருக்கும், மெஷின் எப்படி ஓடும்னு ஒண்ணு விடாம பேப்பர்ல வெச்சாகணும், அதனால எது மாறுனாலும் மாறுன இடம் பளிச்சுனு தெரியும்.

ஆசையாதான் எழுதிட்டு வர்றாங்க. ஆனா வர்ற ஒவ்வொரு செட்டும் அதே இடத்துலதான் வழுக்குது, நானும் ஆரம்பத்துல வழுக்குன இடங்கதான் அதுல பாதி. ஸ்பெல்லிங், ஃபார்மட் எல்லாம் எழுத எழுத தானா சரியாகும், அதை விட்டுடுறேன்.

கையில இருக்குறது எந்த டிராஃப்ட்னு பாக்காம ஆரம்பிக்கிறது

நெட்ல இறக்குன பிடிஎஃப்ல 'ஒரிஜினல் ஸ்கிரிப்ட்'னு போட்டிருந்தா அதுதான் முதல் டிராஃப்ட்னு நம்பிடுறாங்க. நிறைய நேரம் அது யாரோ படத்தை ஓட விட்டு உக்காந்து டைப் பண்ணது. வசனம் படத்தோட அச்சு அசலா ஒத்துப் போகுது, ஒரு சீன் கூட கூடவும் இல்ல குறையவும் இல்லன்னா சந்தேகப்படுங்க. முதல் பக்கத்துல தேதி இருக்கா, எத்தனை எழுத்தாளருங்க பேர் இருக்குன்னு பாருங்க. சீனுக்கு நம்பர் போட்டு, நடுவுல 47ஏ மாதிரி ஒண்ணு செருகி, சில நம்பருக்கு எதிர்ல நீக்கியாச்சுன்னு மட்டும் இருந்து, வலது ஓரத்துல நட்சத்திரக் குறியும் இருந்துச்சுன்னா அது ஷூட்டிங் நெருங்குன நேரத்து ஸ்கிரிப்ட். அந்த நட்சத்திரம், போன பிரதிக்கு அப்புறம் எந்த வரி மாறுச்சுன்னு காட்டுறதுக்குப் போடுறது.

புத்தகமா அச்சாகி வந்ததையும் அப்படியே எடுத்துக்க முடியாது. ஸ்டார் வார்ஸ் 1977ல தியேட்டருக்கு வந்தப்போ 'எபிசோட் 4'ங்கிற தலைப்பே அதுல கிடையாது, 1981 மறு வெளியீட்டுலதான் சேர்த்தாங்க. ஆனா 1979ல புத்தகத்துல வந்த திரைக்கதையில அந்தத் தலைப்பு இருக்கு. அதை வெச்சு, படத்தை எழுதி இயக்குன ஜார்ஜ் லூகாஸ் "எழுதும்போதே நாலாவது பாகமா எழுதுனார்"னு நம்ம பிள்ளைங்க எழுதிடுறாங்க.

பேரை வெச்சு ஆளைப் பொருத்துறது

ஸ்டார் வார்ஸோட 1974 ரஃப் டிராஃப்ட்ல, படத்துல இளைஞனா வர்ற லூக் ஸ்கைவாக்கர் வயசான ஜெனரல், மனுஷனா வர்ற ஹான் சோலோ பச்சைத் தோல் வேற்றுக்கிரகவாசி. பேரை விட்டுட்டு, கதையில அந்த ஆளுக்கு என்ன வேலைன்னு பாருங்க.

நாவலை டிராஃப்டா எடுத்துக்கிறது

தமிழ்ப் படத்தோட டிராஃப்ட் வெளிய கிடைக்கிறது அபூர்வம். அதனால சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா' நாவலைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அதுல வர்ற ரோபோ நாய் ஜீனோவை 'எந்திரன்' படத்துல ஏன் வெட்டுனாங்கன்னு ஆராய்ச்சி பண்றாங்க. ரெண்டும் வேற வேற கதை. எந்திரன்ல சுஜாதா வேலை செஞ்சது உண்மை, வசனத்துல ஷங்கர், மதன் கார்க்கி கூட அவர் பேரும் இருக்கு, ஆனா அவர் 2008 பிப்ரவரியில காலமாயிட்டார், படம் வந்தது 2010 அக்டோபர்ல. நடுவுல நடந்த வேலையைக் காட்டுற பேப்பர் நம்ம கையில இல்ல, இல்லாததை நாவலை வெச்சு ரொப்புறது நியாயம் இல்ல, அவருக்கும் நியாயம் இல்ல.

எல்லா மாற்றத்தையும் டைரக்டர் கணக்குல எழுதுறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் கோபம் வர்ற தவறு. முதல் டிராஃப்டை ஒரு கையில, முடிஞ்ச படத்தை இன்னொரு கையில வெச்சுக்கிட்டு, நடுவுல ஒண்ணுமே நடக்காத மாதிரி, வித்தியாசம் எங்க எங்க இருக்கோ அங்க எல்லாம் "டைரக்டர் இதை மாற்றினார், ஏனென்றால்"னு எழுதிடுறது. அந்த 'ஏனென்றால்'க்குப் பின்னாடி வர்றது எல்லாம் சொந்தக் கற்பனை.

ஒரு தம்பி ஏலியன் படத்தை எடுத்துக்கிட்டார். நல்ல உழைப்பாளி, அதை முதல்ல எழுதுன டான் ஓ'பேனனோட ஆரம்ப டிராஃப்டை வரி வரியா படிச்சிருந்தார். ஆனா கட்டுரை முழுக்க டைரக்டர் ரிட்லி ஸ்காட், ரிட்லி ஸ்காட். கப்பல் ஆட்கள்ல ஒருத்தரான ஆஷ் ஒரு ரோபோன்னு தெரிய வர்ற திருப்பம் ஸ்காட்டோட யோசனைன்னு எழுதியிருந்தார். இல்லவே இல்ல. ஓ'பேனன் டிராஃப்ட்ல ஆஷே கிடையாது, அந்தப் பாத்திரத்தையும் கப்பலை அனுப்புன கம்பெனியோட ரகசிய உத்தரவையும் கொண்டு வந்தது, நடுவுல திருத்தி எழுதுன வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும். டைட்டில்ல பாத்தா திரைக்கதைன்னு ஓ'பேனன் பேர் மட்டும்தான் இருக்கும், மத்த ரெண்டு பேரும் தயாரிப்பாளர்னு வருவாங்க, ஏன்னா யாருக்குப் பேர் போடணும்ங்கிற பஞ்சாயத்து எழுத்தாளர் சங்கத்துக்குப் போய் அங்க அப்படித் தீர்ப்பாச்சு. ஆக டைட்டிலை மட்டும் பாத்தாலும் உண்மை தெரியாது, நடு டிராஃப்டைத் தொடணும்.

கதையோட நாயகி ரிப்ளியைப் பெண்ணா ஆக்குனது ஸ்காட்டோட புரட்சின்னு ஒரு பாரா. ஓ'பேனன் டிராஃப்ட்ல ஆரம்பத்துலயே, பாத்திரங்க பட்டியல்கிட்ட, எந்த வேஷத்தையும் ஆணோ பெண்ணோ யார் வேணும்னாலும் செய்யலாம்னு குறிப்பு இருக்கு. வரி வரியா படிச்சவர் அந்த வரியைத் தாண்டிப் போயிட்டார். அந்த ஜந்துவோட உருவத்துக்குக் காரணமான ஓவியர் கீகரை ஸ்காட்டுக்குக் காட்டுனதும் ஓ'பேனன்தான்.

ஸ்காட் ஒண்ணும் செய்யலைன்னு நான் சொல்ல வரல. அவர் ஷாட் ஷாட்டா வரைஞ்ச படங்களை, அதாவது ஸ்டோரிபோர்டைப் பாத்துட்டுத்தான் ஸ்டூடியோ 4.2 மில்லியன் டாலர் பட்ஜெட்டை 8.4 மில்லியனா ஏத்துச்சு. டிராஃப்டுக்கும் படத்துக்கும் நடுவுல டைரக்டர் நிஜமா உக்காந்து வேலை செஞ்ச இடம் அது, ஆனா தம்பியோட கட்டுரையில அந்த ஸ்டோரிபோர்டைப் பத்தி ஒரு வரி இல்ல.

கட்டுரை தப்பானதோட போயிருந்தா நான் இவ்வளவு பேச மாட்டேன். ஓ'பேனன் டிராஃப்ட்ல ரெண்டு இடம் உண்டு, செத்துப்போன பைலட் உக்காந்திருக்குற அன்னியக் கப்பல் ஒண்ணு, ஜந்துவோட முட்டைங்க இருக்குற பிரமிட் ஒண்ணு. அந்த பைலட் சாகுறதுக்கு முன்னாடி எதிர்ல இருக்குற பலகையில ஒரு முக்கோணத்தைக் கீறி வெச்சிருப்பான், அந்தக் கீறல்தான் பிரமிடுக்கான துப்பு. செலவு தாங்காதுன்னு பிரமிடைத் தூக்கிட்டு முட்டைங்களைக் கப்பலுக்குள்ளயே கொண்டு வந்துட்டாங்க, இடம் ஒண்ணானதும் துப்பு தேவைப்படல. தம்பி இதை "மர்மம் கூடட்டும்னு ஸ்காட் சுருக்கினார்"னு புரிஞ்சுக்கிட்டு, அதே பாடத்தைத் தன்னோட குறும்படத்துல போட்டார்.

அவர் கதை ஈசூன் வட்டாரத்துல ஒரு அடுக்குமாடி புளோக்ல நடக்குது. தனியா செத்துப்போன ஒரு தாத்தா வீட்டு காலண்டர்ல சில தேதிக்குப் பக்கத்துல மாடி நம்பர் எழுதியிருக்கும், பேரன் அதைப் பாத்துட்டு ராத்திரி லிஃப்டுல அந்தந்த மாடிக்குப் போவான், ஒரு மாடியில கதவு வேற காலத்துக்குத் திறக்கும். அருமையான கதை, காலண்டர்ல பென்சிலால 12னு எழுதி ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்குற ஷாட்டை அவர் எழுத்துல படிக்கும்போதே எனக்குப் புல்லரிச்சுது. அந்தக் காலண்டரை வெட்டிட்டார்! மர்மம் கூடணுமாம். வீடு அவங்க அத்தை வீடு, காலண்டர் கடையில சும்மா கொடுக்குறது, பட்ஜெட் பிரச்சனையே இல்லாத இடத்துல பட்ஜெட்டுக்காகப் பண்ண வெட்டைப் போட்டுட்டார். இடத்தை ஒண்ணாக்குனாலாவது பரவால்ல, அதுவும் இல்ல, மாடி அப்படியே இருக்கு, அங்க போறதுக்கான காரணம் மட்டும் போயிடுச்சு. முதல் எடிட்டிங்கான ரஃப் கட்டைப் போட்டுப் பாத்தப்போ எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க, இந்தப் பையன் ஏன் பன்னிரண்டாம் மாடிக்குப் போறான்? திரும்ப எடுக்கலாம்னா நடிச்ச பையன் என்எஸ், அதாவது தேசிய சேவைக்குப் போயிட்டான், மொட்டைத் தலையோட இருக்கான். படம் இன்னும் ஹார்ட் டிஸ்க்லதான் கிடக்கு.

காரணம் தப்பானா பாடமும் தப்பாகும், அதுக்குத்தான் இவ்வளவு சொல்றேன். சரியா படிச்சா என்ன கிடைக்கும்னா, பேக் டு த ஃப்யூச்சரை எடுத்துக்கோங்க. 1981ல பாப் கேலும் டைரக்டர் ஸெமெக்கிஸும் எழுதுன டிராஃப்ட்ல டைம் மெஷின் ஒரு ஃப்ரிட்ஜ், கிளைமேக்ஸ் நெவாடாவுல அணுகுண்டு சோதனை நடக்குற இடத்துல. ஃப்ரிட்ஜ் போய் கார் வந்தது ஸ்டைலுக்காகன்னு எழுதுவாங்க, ஆனா படம் பாத்துட்டு சின்னப் பிள்ளைங்க ஃப்ரிட்ஜுக்குள்ள ஏறி மாட்டிக்குவாங்களோங்கிற பயமும் இருந்துச்சு, நகர்ற மெஷினா இருந்தா கதைக்கு வசதிங்கிறதும் இருந்துச்சு. அணுகுண்டு போனது சுத்தமா காசு விஷயம், அவ்வளவு பெரிய கிளைமேக்ஸுக்குப் பணம் இல்ல. அதுக்குப் பதிலா அவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க, வெளிய எங்கயும் போகாம ஊர் நடுவுல இருக்குற மணிக்கூண்டையும் அது மேல விழுற மின்னலையும் வெச்சே கிளைமேக்ஸைக் கட்டிட்டாங்க. காசு இல்லாத நமக்கு, புளோக்குக்குக் கீழ காலியா இருக்குற வாய்டு டெக்கும் லிஃப்டும் மல்டி ஸ்டோரி கார்பார்க்கும் மட்டுமே கையில இருக்குற நமக்கு, இதை விட வேற என்ன பாடம் வேணும்?

அதனால இப்போ நான் எல்லார்கிட்டயும் மூணு கட்டம் போட்ட தாள் கேக்குறேன். என்ன மாறுச்சு, எந்தத் தேதி டிராஃப்ட்ல முதல்ல தெரியுது, யார் எதுக்காக மாத்துனதா சம்பந்தப்பட்டவங்களே சொல்லியிருக்காங்க. மூணாவது கட்டம் காலியா இருந்தா காலியாவே கொண்டு வாங்க. பிளேட் ரன்னர் படத்தோட கடைசியில ராய் பேட்டிங்கிற செயற்கை மனுஷன் பேசுற மழை வசனத்தை எடுத்துக்கோங்க, அதை ஷூட்டிங்குக்கு முந்தின ராத்திரி சுருக்கி, மழையில கலந்த கண்ணீருங்கிற வரியைச் சேர்த்தவர் நடிகர் ரட்கர் ஹவர். எழுதுனவர் பேரையும் டைரக்டர் பேரையும் மட்டும் தேடிட்டு இருந்தா இது கண்ணுலயே படாது.

வெட்டுன சீன் எல்லாம் மோசமான சீன்னு முடிவு கட்டுறது

ஏலியன்ல கப்பல் கேப்டன் டல்லஸை ஜந்துவோட கூட்டுக்குள்ள கட்டி வெச்சிருக்குற சீனை எடுத்தாங்க, வெட்டுனாங்க, 2003 பதிப்புல திரும்ப வெச்சாங்க.

பக்கத்தை எண்ணி நிமிஷம் போடுறது

ஒரு பக்கம் ஒரு நிமிஷம்ங்கிறது ஷூட்டிங் பிளான் போடுறவங்களுக்கான கணக்கு, அதை வெச்சு "இருபது பக்கம் வெட்டியிருக்காங்க"ன்னு எழுதாதீங்க.

பேப்பர்ல இல்லன்னா யாரும் யோசிக்கலன்னு நினைக்கிறது

ஸ்டார் வார்ஸுக்கு அடுத்து வந்த எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக் படத்தை ஒப்பிட எடுக்குறவங்க எல்லாரும் மாட்டுற இடம் இது. எழுத்தாளர் லே பிராக்கெட் 1978 பிப்ரவரியில கொடுத்த டிராஃப்ட்ல லூக்கோட அப்பா ஆவியா வர்றார், வில்லன் வேடர் வேற ஆள். அடுத்த மாசமே அந்தம்மா காலமாயிட்டாங்க, அதுக்கப்புறம் லூகாஸ் எழுதுன டிராஃப்ட்லதான் ரெண்டு பேரும் ஒரே ஆளாகுறாங்க. இது வரைக்கும் தேதி வெச்சுச் சொல்லலாம். ஆனா செட்ல பேசுன வரியை வெச்சு முடிவு பண்ணக் கிளம்புனா அவ்வளவுதான், ஏன்னா ரகசியம் வெளிய போயிடக் கூடாதுன்னு வேடர் உடுப்புல இருந்த டேவிட் பிரௌஸுக்கு "ஓபி வான்தான் உன் அப்பாவைக் கொன்னான்"ங்கிற மாதிரி பொய் வசனத்தைக் கொடுத்து ஷூட் பண்ணாங்க. லூக்கா நடிச்ச மார்க் ஹாமிலுக்கு ஷாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் உண்மையைச் சொன்னாங்க, "நான்தான் உன் அப்பா"ங்கிற நிஜ வரியை, வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் அப்புறமா டப்பிங்ல பேசுனார்.