பழைய கார் வாங்கித் தேற்றி ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒன்று, ஒன்றரை லட்சத்துக்குள் ஒரு பழைய காரை வாங்கி, கொஞ்சம் செலவு செய்து தேற்றி, தினமும் வேலைக்கு ஓட்டலாம் என்ற எண்ணம் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் நிறையப் பேருக்கு உண்டு. பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு ஷிப்டுக்குப் போகிறவர், அரூரிலிருந்து தர்மபுரிக்கு வந்துபோகும் ஆசிரியர், மழையில் பைக் ஓட்டி அலுத்துப்போனவர் என்று ஆளுக்கொரு காரணம். எண்ணத்தில் தப்பில்லை. வண்டியைப் பார்க்கும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது. போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறோம், பெயின்ட் பளபளப்பைப் பார்க்கிறோம். இரண்டுமே காசு கொடுத்தால் சரியாகிற விஷயம். ஆர்.சி.யில் உள்ள சிக்கலும் அடிப்பகுதியில் அரித்த துருவும் அப்படியல்ல. எவ்வளவு கொட்டினாலும் முழுசாகச் சரியாகாது. அவற்றைக் கடைசியில் பார்க்கிறோம். சிலர் பார்ப்பதே இல்லை.

முதலில் பேப்பர்

வண்டியை நேரில் பார்க்கக் கிளம்பும் முன்பே நம்பரை வாங்கி அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். ஆர்.சி. எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, ஃபைனான்ஸ் நிற்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அபராதம் பாக்கி இருந்தால் இ-சலான் தளத்தில் தெரியும். “லோன் எப்பவோ கட்டியாச்சு சார்” என்பார்கள். கட்டியிருக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு கேன்சல் ஆகியிருக்காது. ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), கடன் குறிப்பை நீக்கும் 35ஆம் ஃபாரமும் கைக்கு வராமல் அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடம்தான் செல்லும். 2011ல் பதிவானது 2026ல் முடியும். அதற்கப்புறம் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து முதல் ஐந்து வருடப் புதுப்பிப்புக்குக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். அதோடு பசுமை வரி, வண்டியை எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குத் தயார் செய்ய டிங்கரிங், லைட், டயர் செலவு வேறு. “எழுபதாயிரத்துக்கு அருமையான வண்டி” என்று வருகிறவற்றில் பல, பதிவு முடிய நாலைந்து மாதம் இருக்கும் வண்டிகள்தான். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

நம் ஊருக்கே உரிய தவறு பெங்களூரு வண்டி. அத்திப்பள்ளி தாண்டினால் அதே மாடல், அதே வருடம், விலை மட்டும் கணிசமாகக் குறைவு. டோல் கட்டி ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவு. அதற்கு அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், அதுதான் 28ஆம் ஃபாரம். இங்கே வந்ததும் வண்டியின் வயதுக்குத் தக்க வாழ்நாள் வரி, அப்புறம் ஏஜென்ட் கூலி. கர்நாடகாவில் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்கலாம்தான், ஆனால் அது தனி விண்ணப்பம், தனி அலைச்சல். பணம் கைக்கு வரும்வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் டிஎன் 29 (தர்மபுரி), டிஎன் 24 (கிருஷ்ணகிரி) நம்பரில் கொஞ்சம் கூடுதல் விலை சொன்ன வண்டியே மலிவாக முடியும். “வண்டிய எடுத்துட்டுப் போங்க, என்.ஓ.சி. அடுத்த வாரம் வாங்கித் தர்றேன்” என்று சொன்னால், சரி, பணத்தையும் அடுத்த வாரமே தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். டெல்லி நம்பர் டீசல் கார்களுக்கும் இதே எச்சரிக்கை. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்குக் கெடுபிடி வந்ததால் அவை தெற்கே வந்து விலைபோகத் தொடங்கின.

இன்னொன்று, வாங்குபவர் பெயர் எழுதாமல் பழைய ஓனர் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30 என்ற பெயர் மாற்ற ஃபாரங்கள். இரண்டு மூன்று கை மாறியும் ஆர்.சி. முதல் ஆள் பெயரிலேயே இருக்கும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் விவரம் தெரிந்த பழைய ஓனர் என்றாவது ஒருநாள் வண்டியைத் தேடி வருவார், அல்லது புகார் கொடுப்பார். கன்சல்டிங்கில் வாங்கினால், 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சான்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பட்டிக்கு அடியில்

விற்பதற்கென்றே பெயின்ட் அடித்த வண்டியைப் பார்த்ததும் உஷாராகிவிட வேண்டும். கதவின் அடி ஓரம், வீல் ஆர்ச், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, கால் வைக்கும் இடத்து கார்பெட்டின் அடிப்பக்கம் ஆகியவற்றில் விரலால் அழுத்திப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்று பையில் இருந்தால் போதும். பள்ளத்தை நிரப்பும் பட்டியைத் தடிமனாகப் போட்ட இடத்தில் அது பிடிக்காது. கதவில் பட்டி இருந்தால் பெரிய விஷயமில்லை. பானெட்டுக்குள் இரண்டு பக்கமும் உள்ள ஏப்ரான் தகட்டிலோ, கூரையைத் தாங்கும் பில்லரிலோ புது வெல்டிங் தெரிந்தால் வண்டி பலமாக அடிபட்டது என்று அர்த்தம். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

வெள்ள வண்டியையும் மறக்கக் கூடாது. சென்னையில் 2015, 2023, பெங்களூரில் 2022 என்று தூரத்து ஊர்களை மட்டும் நினைப்போம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில், நம் ஊத்தங்கரையிலேயே ரோட்டோரம் நின்ற வண்டிகளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சீட்டைத் துடைப்பார்கள், டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போடுவார்கள்; பெல்ட்டின் சுருண்ட உள்பகுதியை யாரும் கழுவுவதில்லை. மண் கறை நேர்க்கோடாகத் தெரியும். சீட்டின் அடி போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாவியைப் பாதி திருப்பும்போது மீட்டரில் ஏர்பேக் விளக்கு, செக் இன்ஜின் விளக்கு எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த விளக்கு எரியவே இல்லை என்றால், பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள், உள்ளே ஏர்பேக் இல்லாமலே இருக்கலாம்.

போர் தண்ணீரும் தொப்பூர் ஏற்றமும்

தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். நாம் குடிக்க யோசிக்கும் போர் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்ற மட்டும் யாருக்கும் யோசனையே கிடையாது. அந்தத் தண்ணீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் வருடக்கணக்கில் ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும், உள்ளே துருவும் பிடிக்கும். சமதரையில் அறுபதில் போகும்போது ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் முள் மேலே போகும். பார்க்காமல் ஓட்டினால், இன்ஜின் தலைப்பகுதியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை, சிவப்பு என்று கூலன்ட் நிறத்தில் இருந்தால் நல்லது. செம்மண் நிறமென்றால் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி. மேலே எண்ணெய் மிதந்தாலோ, இன்ஜின் ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் காப்பி நிறத்தில் பசையாக இருந்தாலோ தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலந்திருக்கக்கூடும். மெக்கானிக் பார்க்காமல் பேச்சைத் தொடர வேண்டாம். ஏ.சி. போடாமல் சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடினால், யாரோ அதற்கு நேரடியாகக் கரன்ட் (டைரக்ட்) கொடுத்திருக்கிறார்கள். ஹீட் ஆகும் வண்டிக்குச் செய்யும் கைவைத்தியம் அது. சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருப்பதும் அதே வகைதான்.

போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டார்கள். காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது.

தெருவுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு டெஸ்ட் டிரைவ் முடிந்தது என்பதும் தவறு. முதலில் வண்டி இல்லாத சமரோட்டில் பிரேக் அடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பிரேக் தெரியாத வண்டியைத் தொப்பூர் கணவாயில் இறக்குவது முட்டாள்தனம். கனரக வண்டிகளே அங்கே என்ன பாடு படுகின்றன என்று தெரியும். பிரேக் திருப்தி என்றால் மூன்றாவது கியரில் நிதானமாக இறங்கி, திரும்பி ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதே வேலையை மேலுமலை, சூளகிரி ஏற்றம் செய்யும். பெட்ரோல் உங்கள் செலவு. தயங்காமல் போடுங்கள்.

எந்த வண்டி, எதற்கு முதல் செலவு

இன்ஜின் கொஞ்சம் ஓய்ந்திருந்தாலும் மாருதி 800, ஆல்டோ, வேகன் ஆர் மாதிரி வண்டிகளைத் தேற்றிவிடலாம். காரிமங்கலத்தில்கூட ஆள் கிடைப்பார், பாகமும் அன்றே வரும். செவர்லே 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021ல் இங்கே உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அவை மோசமான வண்டிகள் இல்லை, விலையும் மலிவுதான். ஆனால் ஒரு ஹெட்லைட்டுக்காக வண்டியை நிறுத்திவிட்டு பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடுவது ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குச் சரி, தினசரி வண்டிக்கு ஆகாது.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஒன்றேகால் லட்சம் இருந்தால் எண்பது, எண்பத்தைந்துக்கு மேல் வண்டிக்குப் போகாதீர்கள். மீதியையும் சீட் கவர், மியூசிக் சிஸ்டம், அலாய் வீலில் கரைக்க வேண்டாம். முதல் மாதச் செலவு பிரேக், டயர், கூலன்ட் குழாய்கள், பெல்ட்டுகள், ஆயில் எல்லாவற்றுக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வும் வளையும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018ஆம் வருடம் 32வது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயது டயரில் ஹைவே ஏற வேண்டாம். பங்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய வண்டியின் பெட்ரோல் ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கிறதா என்றும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா வேலையையும் ஒரே மூச்சில் பிரித்துப் போடாமல், சனிக்கிழமைக்கு ஒரு வேலை என்று செய்தால் திங்கட்கிழமை வண்டி ஓடும். இரண்டு மூன்று மாதத்துக்காவது பழைய பைக்கை விற்காதீர்கள்.

பெயர் மாற்றத்தை வாங்கிய 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு தானாக வந்துவிடும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது, 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, அவரோடு போய்விடும். அந்தத் தள்ளுபடி வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், அதையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.