லண்டனில் பிள்ளையோடு மட்ச் பார்க்க ஆசைப்படும் அப்பாமாருக்கு

இணையத்தில் இருக்கிற ஈவிசாக் கணக்கைத் திறந்து பாருங்கோ, வேலைக்குத் தேவையான என்.ஐ. நம்பருக்கு விண்ணப்பியுங்கோ, வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஜீ.பி. என்கிற குடும்ப வைத்தியரிடம் பதியுங்கோ. இதெல்லாம் மனைவி ஒரு பின்னேரத்தில் செய்து தந்துவிடுவா. நான் எழுத வந்தது வேறு விசயம். மனைவி பிள்ளையை முதலில் அனுப்பிவிட்டு, பல வருசம் கழித்து வந்து சேருகிற அப்பாமாருக்கு இது.

என் சிநேகிதன் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன். குருநகர், நாவாந்துறை, இளவாலை என்றால் உதைபந்தாட்டம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவன் லண்டன் ஈஸ்ற்ஹாமுக்கு வந்தபோது மகனுக்குப் பதின்மூன்று வயது. பெடியன் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்வான், அதுவும் இங்கிலீசில். ஒரு ஞாயிறு வொன்ஸ்ரெட் ஃபிளற்ஸ் வெளியில் மகன் உயர்த்தி அடித்த பந்தை இவன் நெஞ்சில் வாங்கி, தொடையில் இறக்கி, நிலத்தில் விழ முதல் இடக்காலால் திருப்பி அடித்தான். "அப்பா, இன்னொருக்கா!" என்றான் பெடியன், தமிழில். அன்றைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை ஓயவில்லை. இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி என்கிற இங்கிலாந்துக் கழகத்துக்கு விளையாடினதை மகன்தான் தகப்பனுக்குக் காட்டினான்.

பெடியனுக்கு வெஸ்ற்ஹாம் உதைபந்தாட்டக் கழகம் என்றால் உயிர். அந்தக் கழகம் 2016 வரை இங்கே அப்ரன் பார்க்கில்தான் விளையாடியது, இப்போது ஸ்ரட்பர்ட் லண்டன் ஸ்ரேடியத்தில். பிறந்தநாளுக்கு அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று சிநேகிதனுக்கு ஆசை.

சுத்துமாத்து இங்கேதான். ஊரில் துரையப்பா அரங்கு வாசலில் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போன ஆக்கள் நாங்கள். இந்த நாட்டுப் பெரிய கழகங்களின் ஆட்டங்களுக்கு அது சரிவராது. பெரும்பாலும் முதலில் கழகத்தில் அங்கத்துவம் எடுக்க வேண்டும், பிறகுதான் ரிக்கெற், அதுவும் உங்கள் போனுக்கே வரும். சிநேகிதனுக்கு வட்ஸ்அப் குறூப்பில் ரிக்கெற் விற்கிற ஒரு "எங்கட ஆள்" அகப்பட்டான். வங்கிக்குக் காசு போனது, ஒரு ஸ்கிரீன்சொட் வந்தது. வாசலில் போனை வைத்தால் சிவப்பு லைற். ரிக்கெற் செல்லாது என்று காவலுக்கு நின்றவர் சொன்னதை, கருஞ்சிவப்பும் இளநீலமுமாய்ச் சால்வை போட்டு நின்ற பிள்ளைதான் தகப்பனுக்குத் தமிழில் சொல்ல வேண்டிவந்தது. காசு போனால் உழைக்கலாம். மகனுக்கு முன்னால் தகப்பனை அந்த "எங்கட ஆள்" தலைகுனிய வைத்தானே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவன் தமிழிலேயே "அண்ணை, அண்ணை" என்று பேசித்தான் விற்றான்.

ஆகவே கழகத்தின் சொந்தத் தளத்தை விட்டு வேறெங்கும் வாங்க வேண்டாம். வர முடியாத அங்கத்தவர்கள் ரிக்கெற்றைத் திருப்பி விற்கிற இடமும் அங்கேயே இருக்கும். அனுமதியில்லாமல் உதைபந்தாட்ட ரிக்கெற் விற்பது இங்கே 1994 சட்டப்படி குற்றம். உண்மையான ரிக்கெற்றாக இருந்தாலும் கழகம் அதை ரத்துச் செய்யலாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் அன்றைக்கே வங்கிக்குப் போன் அடியுங்கோ. 2024 ஒக்ரோபர் முதல் இப்படி ஏமாந்து அனுப்பிய காசை வங்கிகள் திருப்பித் தர வேண்டும், ஆனால் 100 பவுண் வரை கழிக்கலாம். அதனால் சின்னத் தொகைக்கு ஒன்றும் மிஞ்சாமலும் போகும்.

இன்னொன்று, சொந்த அணி ஆக்கள் இருக்கிற பக்கத்தில் எதிரணிச் சட்டை போட்டுப் போகாதேயுங்கோ. வெளியில் அனுப்பிவிடுவார்கள்.

பெரிய அரங்குதான் வேண்டும் என்றில்லை. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை இந்த நாட்டில் நேரலையாகக் காட்டுவதில்லை, கீழ்ப் பிரிவுக் கழகங்களின் வாசலுக்கு ஆக்கள் வர வேண்டும் என்பதற்காக. அந்த வாசலுக்குப் போங்கோ. லேற்றனில் ஓரியன்ற் கழகம், ஃபொறஸ்ற் கேற்றில் அங்கத்தவர்களே நடத்துகிற கிளப்ரன் கொமியூனிற்றி கழகம். வெஸ்ற்ஹாம் பெண்கள் அணி டகனத்தில் விளையாடும், அதற்கு ரிக்கெற் மலிவு. சின்ன மைதானங்களில் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம், ஆட்டக்காரர் ஆளையாள் ஏசுவதும் கேட்கும். சிநேகிதனும் மகனும் இப்போது அங்கேதான், ஒவ்சைட்டா இல்லையா என்று வீடு வரும்வரை சண்டை.