கொடைக்கானல் மேல்மலையில் குடும்பத்தோடு டென்ட்: செய்யக்கூடாத தவறுகள்

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த மறுநாளே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, இந்தத் தடவை ரூமெல்லாம் வேண்டாம், டென்ட்லதான் தங்கணும்னு பிள்ளைங்க ஒத்தக்கால்ல நிக்குதுக. என்னென்ன எடுத்துட்டு வரட்டும்?" மதுரை, திண்டுக்கல், விருதுநகர் என்று எந்தச் சொந்தக்காரர் கூப்பிட்டாலும் இதே கேள்விதான். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும் இதுதான். பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கூக்கால் என்று நீளும் எங்கள் மேல்மலையில் ஒரு ராத்திரி வெட்டவெளியில் படுத்த பிள்ளை அதை லேசில் மறக்காது. மதுரையில் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நட்சத்திரங்கள் இங்கே வாரி இறைத்த மாதிரி கிடக்கும்.

ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் பகலுக்கு மட்டும் தயாராகி வருகிறார்கள். கூலிங் கிளாஸ், தொப்பி, பேட்மின்டன் மட்டை எல்லாம் இருக்கும். டார்ச் லைட் இருக்காது. மதியம் இரண்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது "இதுவா குளிரு?" என்று கேட்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதே இடம் வேறு ஊராக மாறிவிடும். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த ராத்திரியை மறந்ததால் வந்தவை.

கண்ணில் பட்ட இடத்தில் கூடாரம் அடிப்பது

முதலில் அனுமதி. அழகான புல்வெளி என்பதற்காக அங்கே தங்கிவிட முடியாது. பழனி மலையின் பெரும் பகுதி 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு பகலில் போய்வரலாம், அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு "காட்டுக்குள்ளே கேம்பிங்" என்று கூப்பிடுகிறவர்களிடம் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால், இடம் பட்டா நிலமா, அனுமதி இருக்கிறதா, கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். அனுமதிக் காகிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட் முகாமில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்துபோனார். அனுமதி கேட்பதை வெறும் காகித வேலை என்று நினைக்காதீர்கள். யானை நடக்கிற வழியில் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோமா என்று பார்க்கிற வேலை அது.

அனுமதி உள்ள இடத்திலேயே எந்த மூலையில் கூடாரம் அடிப்பது என்பதிலும் தவறு நடக்கும். பூம்பாறைக்கு மேலே சித்தப்பாவுக்குப் பூண்டுக் காடு இருக்கிறது. (இங்கே விளைநிலத்துக்கும் காடு என்றுதான் பெயர்.) படிப்படியாக இறங்கும் நிலம், அடியில் ஒரு ஓடை. ஒரு டிசம்பரில் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கலாம் என்று மச்சான் ஓடைக் கரையில்தான் அடிப்பேன் என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். காலை ஐந்தரைக்கு வெளியே வந்து பார்த்தால், ஓடையை ஒட்டிய புல் முழுக்கச் சர்க்கரை தூவிய மாதிரி உறைபனி. டென்ட் துணி விறைத்துப்போய், தொட்டால் மொறுமொறு என்றது. சின்னவள் இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் நடுங்கிக்கொண்டிருந்தாள். நாலு படி மேலே, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய திட்டில், பனி விழுந்த அடையாளமே இல்லை.

காரணம் எளிது. குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் ஏரிக்கரையும் ஓடைக்கரையும் பகலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட நல்ல இடங்கள், படுக்க இல்லை. இருபது முப்பது அடி மேலே, காற்று நேரே அடிக்காத திட்டாகப் பாருங்கள். மழை வந்து ஓடையில் தண்ணீர் ஏறினாலும் அங்கே பயமில்லை. யூக்கலிப்டஸ் மரத்தடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; காற்றில் கிளை முறிந்து விழும்.

மேலே நாலு கம்பளி, கீழே ஒன்றுமில்லை

"போர்வை நிறைய எடுத்துட்டு வந்திருக்கோம்" என்பார்கள். கீழே என்ன விரிப்பீர்கள் என்றால் பதில் இருக்காது. உடம்புச் சூட்டைத் திருடுவது தரைதான். எவ்வளவு போர்த்தினாலும் முதுகு வழியாகச் சூடு மண்ணுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஃபோம் மேட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, மேலே கோரைப்பாய், அதற்கு மேலே ஜமக்காளம். இருக்கும் கம்பளிகளில் ஒன்றைப் போர்த்தாமல் அடியில் விரித்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

அடுத்தது, குளிருக்குப் பயந்து கூடாரத்தின் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடுவது. நாலு பேர் விடுகிற மூச்சில் இருக்கும் ஈரம் போக வழியில்லாமல் துணியின் உட்பக்கம் துளித்துளியாகப் படிந்து, விடியற்காலையில் சொட்ட ஆரம்பிக்கும். "ராத்திரி மழை, டென்ட் ஒழுகுது" என்று குறைப்பட்டவர்கள் பலர். அன்றைக்கு மழையே பெய்திருக்காது. மேல் சாளரத்தை நாலு விரல் அளவாவது திறந்து வையுங்கள். குளிர்க்காற்று கொஞ்சம் வரும்தான். ஆனாலும் நனைந்த போர்வையைவிட அது எவ்வளவோ மேல்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பையோ பார்பிக்யூ தட்டையோ உள்ளே கொண்டுவருவது. எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கொடைக்கானலில் 2024 ஆகஸ்டில், பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் காலையில் எழுந்திருக்கவில்லை. கரி கனன்று எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மூச்சு முட்டி எழுப்பாது. தூக்கத்திலேயே ஆளை அமுக்கிவிடும். தீ அணைந்த மாதிரி சாம்பல் பூத்திருந்தாலும் அந்த வாயு வந்துகொண்டிருக்கும். கேஸ் ஸ்டவ்வுக்கும் இதே கதைதான். சமையல் வெளியே. குளிர் அதிகமென்றால் வெந்நீரை எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றி, பிள்ளைகளின் கால்மாட்டில் வையுங்கள். எங்கள் அம்மா காலத்து வழி.

குழந்தைகளைப் பொறுத்தவரை, நனைந்த உடைதான் முதல் எதிரி. ஓடையில் காலை விட்டு விளையாடிய பிள்ளை ஈர சாக்ஸோடு ராத்திரி வரை திரியும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். நாலு மணிக்கே தண்ணீரை விட்டு வெளியே வரச் சொல்லி, தலை முதல் கால் வரை துவட்டி, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். தூங்க மட்டும் ஒரு ஜோடி உடுப்பைத் தனியாக ஒரு பையில் கட்டி வைத்து, அதை வேறெதற்கும் தொடாமல் இருப்பது நல்ல பழக்கம். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை நடுக்கம் நின்று மந்தமாகி, பேச்சு குழறினால், தூக்கம் வருகிறது போல என்று விட்டுவிடாதீர்கள். அது குளிர் உடம்புக்குள் இறங்கிவிட்டதன் அறிகுறி. ஈரத்தைக் களைந்து, தலைக்குக் குல்லா போட்டு, மடியில் அணைத்துக்கொண்டு, முழிப்பாக இருந்தால் சூடாக இனிப்புப் பால் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையோடு டென்ட் வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களுக்கு ரூம் போடுங்கள். பெரிய பிள்ளைகள் அப்பாவோடு டென்டில் படுக்கட்டும்.

சோறு வேகாத ராத்திரி

கீழே பத்து நிமிடத்தில் வேகும் அரிசி இங்கே ஏன் விறைத்துக்கொண்டு நிற்கிறது என்று வருகிறவர்கள் குழம்புவார்கள். 7,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது. கொதிப்பதைப் பார்த்து ஏமாந்து வடித்தால் நடுவில் அரிசிதான் இருக்கும். பருப்பு இன்னும் மோசம். திறந்த பாத்திரத்தில் சமைக்கிற ஆசையை விட்டுவிட்டுச் சின்ன குக்கர் ஒன்று எடுத்து வாருங்கள். வீட்டில் வைப்பதைவிட ஒரு விசில் கூட விடுங்கள். முதல் ராத்திரிக்குச் சமைக்கவே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போதும். இருட்டுவதற்குள் கூடாரம் அடிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

மிச்சச் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். பிஸ்கட் பாக்கெட் முதல் வாழைப்பழத் தோல் வரை எல்லாம் காருக்குள் போய்க் கண்ணாடி ஏற்றிவிட வேண்டும். பகலில் குரங்கு, ராத்திரியில் காட்டுப்பன்றி. காட்டுமாடு சோற்றைத் தேடி வருவதில்லை, கேரட்டும் புல்லும் தேடி வரும். ஆனால் அது நிற்கிற இடத்துக்கு நாம் போய்விடுகிறோம். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கம்கூடச் சாதுவாக நிற்பதைப் பார்த்துவிட்டு, செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போய்க் குத்துப்பட்டவர்கள் உண்டு. ராத்திரி வெளியே போகவேண்டியிருந்தால், ஜிப்பைத் திறந்து டார்ச்சை நாலாபக்கமும் அடித்துப் பார்த்த பிறகு காலை வெளியே வையுங்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கேம்ப் ஃபயர் ஆசையைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பிப்ரவரி முதல் மே மழை பிடிக்கும் வரை இந்த மலையில் புல் காய்ந்த வைக்கோல் மாதிரி இருக்கும். ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11-ஆம் தேதி, இங்கிருந்து தென்மேற்கே போடி பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 23 பேர் உயிர் போனது. அந்த மாதங்களில் தீ மூட்டவே வேண்டாம். மற்ற மாதங்களில், இடத்துக்காரர் காட்டிய குழியில் மட்டும் மூட்டுங்கள். அணைக்கும்போது மேலாகத் தண்ணீர் தெளித்தால் போதாது. ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலில் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கவேண்டும்.

கிளம்பும் முன் சில

இ-பாஸ் எடுக்காமல் வந்து செக்போஸ்ட்டில் வரிசையில் நின்று போனில் தட்டிக்கொண்டிருப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இது வந்தது. நீங்கள் கிளம்பும்போது உள்ள விதியைப் பார்த்து வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை. எவர்சில்வர் பாட்டிலும் ஒரு பெரிய கேனும் கொண்டுவாருங்கள். டீசலோ பெட்ரோலோ கொடைக்கானல் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு மேல்மலைக்கு ஏறுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே ஓடாது.

வத்தலக்குண்டில் பிள்ளைகளுக்கு வயிறு முட்டப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு நேரே மலை ஏறுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பாதி வழியில் எல்லாம் வெளியே வந்துவிடும். லேசாகச் சாப்பிட்டு, போனைப் பிடுங்கி வைத்து, ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மதியம் மூன்று மணிக்குள் தங்குமிடம் வந்துவிட வேண்டும். சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் பூம்பாறை ரோட்டில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் காட்டுமாடுகூடத் தெரியாது.

கழிப்பறை இல்லாத இடமென்றால் ஓடையிலிருந்து எழுபது எண்பது தப்படி தள்ளிக் குழி தோண்டி மூடுங்கள். பேரிஜம் தண்ணீரைத்தான் பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிறார்கள். இந்த மலையில் ஓடுகிற எந்த ஓடையும் கீழே யாரோ ஒருவர் வீட்டுக் குடத்துக்குத்தான் போகிறது. ஓடையில் சோப்பு போட்டுப் பாத்திரம் விளக்குவதும் அதே கணக்குதான்.

காலையில் கூடாரத்தை அவசரமாக ஈரத்தோடு சுருட்டினால் அடுத்த தடவை பிரிக்கும்போது பூஞ்சை நாற்றம் அடிக்கும். வெயில் வரும்வரை காத்திருந்து, தலைகீழாகப் போட்டு அடிப்பக்கத்தையும் காயவிடுங்கள். எட்டு ஆணி அடித்திருந்தால் எட்டும் பைக்குள் வந்ததா என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். போன வருஷம் புல்லுக்குள் விட்டுப்போன ஒரு ஆணி சித்தப்பாவின் கறவை மாட்டுக் குளம்பில் ஏறி, ஒரு மாதம் அது நொண்டிக்கொண்டே திரிந்தது.