கார் ‘மிஸ்ஸிங்’ அடிக்கிறதா? காயில் வாங்கப் போகும் முன் இதைச் செய்யுங்கள்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. ஏசியைப் போட்டால் நடுக்கம் கூடுகிறது. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது மிதிக்க மிதிக்க வண்டி முக்குகிறதே தவிர இழுக்கவில்லை. மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு வேறு. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போவதைத்தான் ‘மிஸ்ஸிங்’ என்கிறோம். என் பெட்ரோல் காருக்கு இப்படி ஆனபோது கிடைத்த முதல் ஆலோசனை, “நாலு காயில், நாலு பிளக், எல்லாத்தையும் மாத்திடலாம் சார்” என்பதுதான். போயிருந்தது ஒரே ஒரு காயில், அதாவது பிளக்கில் பொறி பறக்க உயர் வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயில். அது எது என்று வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை விரட்டாதீர்கள், ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலென்சர் பாதையில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். உள்ளே உருகிவிட்டால் அதற்கு ஆகும் செலவின் முன் காயில் விலை ஒன்றுமே இல்லை.

ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் கார்களுக்கானது இந்த முறை. இப்போது ஓடும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான்.

1. எரர் கோடு பாருங்கள்

என்ன கோளாறு என்பதை காரின் கம்ப்யூட்டர் ஓர் எண்ணாகப் பதிந்துவைக்கும், அதுதான் எரர் கோடு (code). ஸ்டியரிங்குக்குக் கீழே, அதைப் படிப்பதற்கென்றே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி போனில் பார்த்தால் போதும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு மலிவான இஎல்எம்327 அடாப்டரே போதுமானது. ஐபோனில் பழைய வகை புளூடூத் அடாப்டர் இணையாது, வைஃபை வகை வாங்குங்கள்.

பி0301 முதல் பி0304 வரை வந்தால், கடைசி எண்தான் மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டர். பி0351 முதல் பி0354 வரை வந்தால் அந்தக் காயிலின் மின்சுற்றில் கோளாறு. அதற்கு முதலில் கப்ளரையும் (காயிலில் ஒயர் வந்து சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) ஒயரையும் பாருங்கள். எந்தச் சிலிண்டர் என்று சொல்லாத பி0300 மட்டும் வந்தால் காயிலை விட்டுவிட்டு, பெட்ரோல் பிரஷர், காற்றுக் கசிவு என்று வேறு பக்கம் தேட வேண்டியிருக்கும்.

முதல் சிலிண்டர் பெரும்பாலும் பெல்ட் இருக்கும் பக்கம். ரெனோவின் சில என்ஜின்களில் எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

2. கப்ளரைக் கழற்றுவது

வீடியோக்களில் இரண்டு நொடியில் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் கை நடுங்கும். என்ஜின் மேலேயே கிடந்து வெந்த பிளாஸ்டிக், பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். அவசரப்பட்டால் லாக் கையோடு வந்துவிடும்.

என்ஜின் நன்றாக ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். கப்ளரில் சிவப்போ சாம்பலோ நிறத்தில் சின்ன ஸ்லைடு இருந்தால் அதை முதலில் பின்னால் இழுங்கள். அப்புறம் கப்ளரை வெளியே இழுக்காமல், காயிலை நோக்கி லேசாக உள்ளே தள்ளுங்கள். லாக் மீதுள்ள இறுக்கம் அப்போதுதான் விடும். அந்த நிலையிலேயே லாக்கை அழுத்திக்கொண்டு, கப்ளரின் உடலைப் பிடித்து உருவுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. எல்லாம் செய்தும் லாக் உடைந்துவிட்டால் ஒரு ஜிப் டை போட்டுக் கட்டிவிடலாம், ஓடும்.

பிறகு 10 எம்எம் போல்ட்டைக் கழற்றி (சில வண்டிகளில் 8), காயிலை இடமும் வலமுமாகக் கொஞ்சம் திருகி, நேராக மேலே தூக்குங்கள். தூக்கும் முன் சுற்றியுள்ள தூசியை ஊதிவிடுவது நல்லது. ஒவ்வொரு காயிலிலும் மார்க்கரால் எண் எழுதிவையுங்கள்.

3. கண்ணால் பாருங்கள்

காயிலின் அடியில் பிளக்கைக் கவ்வும் ரப்பர் உறையான ‘பூட்’டில் எண்ணெய் பிசுபிசுத்தால், என்ஜின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட் அல்லது பிளக் குழியின் சீல் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் ஊறித்தான் போகும். குழியில் தண்ணீரோ துருவோ இருந்தால், வாட்டர் சர்வீஸில் என்ஜின் மீது பிரஷர் தண்ணீர் அடித்திருக்கிறார்களா என்று யோசியுங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், மின்பொறி வழி தவறி வெளிப்பக்கமாக எர்த்துக்கு ஓடியிருக்கிறது என்று பொருள். அந்தப் பிளக், பூட் இரண்டையும் மாற்ற வேண்டும்.

4. இடம் மாற்றுங்கள்

பி0302 வந்திருந்தால் 2-ஆம் காயிலை 3-இலும் 3-ஆம் காயிலை 2-இலும் மாட்டுங்கள். பழைய எரர் கோடை போனிலேயே அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302-வே திரும்ப வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. பிளக்கையும் இதேபோல் இடம் மாற்றுங்கள். அதிலும் பிடிபடவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று மெக்கானிக்கிடம் போவதுதான் சரி.

தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு “சரியாகிவிட்டது” என்று முடிவுகட்டாதீர்கள். பல காயில்கள் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், சூடேறிய பிறகுதான் உள்ளே இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கும். அதனால் டெம்பரேச்சர் முழுதாக ஏறும்வரை ஓட்டி, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலத்தில் மேல் கியரிலேயே மிதித்து ஏறுங்கள். லோடு ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் அங்கே தோற்றுவிடும்.

மல்டிமீட்டர் வைத்து ஓம்ஸ் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்று, நான்கு பின் (pin, மின் முனை) உள்ள காயில்களுக்குள் எலெக்ட்ரானிக் சர்க்யூட் இருப்பதால் மீட்டர் ஒன்றும் உருப்படியாகச் சொல்லாது. இரண்டு பின் உள்ள காயிலும் மேசையில் சரியான அளவைக் காட்டிவிட்டுச் சூட்டில் காலை வாரும். சாவியை ஆன் செய்து கப்ளருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் மீட்டரை எடுக்கலாம்.

என்ஜின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய பழக்கம். வேண்டாம். அதில் வருவது 20,000 வோல்ட்டுக்கும் மேல்.

5. புதுசு மாட்டுவது

சென்னையில் இருந்தால் பழைய காயிலை எடுத்துக்கொண்டு, கார் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டுக்குப் போங்கள், பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கண்ணாடி, கதவு எல்லாம் வாங்கலாம். கழற்றிப்போட்ட காயிலை மட்டும் வாங்காதீர்கள், அது எவ்வளவு சூட்டைப் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. நான்கையும் சேர்த்து மாற்றத் தேவையில்லை என்பது என் கட்சி. லட்சம் கிலோமீட்டர் தாண்டி, அடுத்தடுத்து இரண்டு போனால் மீதியையும் மாற்றிவிடுங்கள்.

பிளக்கைப் பார்க்காமல் காயிலை மாட்டாதீர்கள். பிளக் தேயத் தேய இடைவெளி அகலமாகும், காயில் கூடுதலாகச் சிரமப்பட்டே சாகும். அந்த இடைவெளி பெரும்பாலான கார்களுக்கு 0.8 முதல் 1.1 மிமீ வரை இருக்கும், உங்கள் வண்டிக்கு உரியது மேனுவலில் உண்டு. இரிடியம் பிளக்கின் முனையை நோண்ட வேண்டாம், நொடியில் ஒடியும்.

ரப்பர் பூட்டின் வாய்க்குள் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் துளி தடவினால் அடுத்த முறை சுலபமாக வரும். போல்ட்டைக் கையால் திருகி ஆரம்பித்து, பிடித்ததும் சற்றே இறுக்கினால் போதும். கப்ளர் ‘டிக்’ என்று சத்தம் கொடுக்க வேண்டும்.

கமெண்டில் கேட்டவர்களுக்கு:

சிஎன்ஜி கிட் போட்ட காரில் காயில் சீக்கிரம் போகிறதே என்று கேட்டிருந்தார் ஒருவர். பெட்ரோலைவிட சிஎன்ஜியைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் தேவை. பிளக்கைச் சீக்கிரமாகவே மாற்றுங்கள், இடைவெளியைக் கிட்காரர் சொல்லும் அளவுக்குக் குறைத்துவையுங்கள்.

1-க்கும் 4-க்கும் ஒரே நேரத்தில் கோடு வருகிறது என்றவருக்கு: உங்களுடையது ஒயர் வைத்த பழைய காயில் பேக். அதில் 1-4, 2-3 என்று ஜோடி ஜோடியாகத்தான் பொறி போகும். ஜோடியாகக் கோடு வந்தால் பேக்கின் அந்தப் பாதியைச் சந்தேகப்படுங்கள், ஒன்று மட்டும் வந்தால் பிளக் ஒயரை மாற்றிப் பாருங்கள்.